மலைப்பாதையில் அந்தி நேர ஒளிக்கோடுகள்: படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகளின் வெளிச்சம் சிவப்பும் வெள்ளையுமாக வளைந்து ஓடும் படத்தை நீலகிரியிலோ கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலோ எடுக்க ஆசைப்படுபவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது, நேரம் மிகக் குறைவு என்பதைத்தான். நம் பகுதியில் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். சூரியன் மறைந்த பிறகு ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிக்கொண்டே போகும். வானமும் ஒளிக்கோடும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பது 15 அல்லது 20 நிமிடம்தான்.

அந்த 15 நிமிடத்தில் ஷட்டரை அழுத்துவதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் முக்காலியின் காலை நீட்டிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் இருட்டில் ஃபோகஸ் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. இடத்தைப் பகலில் பார்த்து வையுங்கள்

நல்ல இடம் என்றால் மேலிருந்து பார்க்கும்போது ஒரே சாலையின் இரண்டு மூன்று வளைவுகளாவது தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். ஒரே ஒரு வளைவு மட்டும் தெரிந்தால் படத்தில் ஒரு கோடு வந்து மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், அவ்வளவுதான்.

காட்டுச் சரிவில் மரங்கள் சாலையை மூடிவிடும். தேயிலைச் சரிவில் செடிகளை இடுப்பளவுக்கு மேல் வளரவிடுவதில்லை என்பதால் சாலை முழுசாகத் தெரியும். குன்னூர், கோத்தகிரி பக்கம் இந்த வசதி உண்டு. ஆனால் தோட்டத்துக்குள் கால் வைக்கும் முன் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். அது யாரோ ஒருவருடைய நிலம்.

இடம் பார்க்கப் போகும்போது சொந்த வண்டியை விட அரசுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது நல்லது. ஓட்டுகிறவர் கண் சாலையில்தான் இருக்கும். மேல் வளைவிலிருந்து கீழ் வளைவு தெரிகிறதா என்று அவரால் பார்க்க முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒருமுறை ஏறி இறங்கினால் எந்த வளைவுக்கு மேலே பத்திரமாக நிற்க இடமிருக்கிறது என்று தெரிந்துவிடும். பழனி மலையில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில் டம் டம் பாறை காட்சிமுனையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மஞ்சளாறு அணை தெரியும் அந்த இடத்தில் நின்றாலே மலை எந்தத் திசையில் விழுகிறது என்று புரியும்.

திசை முக்கியம். குன்னூர், கோத்தகிரி, வத்தலக்குண்டுப் பாதைகள் சமவெளியை நோக்கிக் கிழக்கும் தென்கிழக்குமாக இறங்குபவை. அங்கே கீழ்நோக்கி நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் மறையும். ஆரஞ்சு வானம் கிடைக்காது. ஆழ்ந்த நீலமும், சில நாட்களில் அடிவானத்தை ஒட்டி மெல்லிய இளஞ்சிவப்புப் பட்டையும் கிடைக்கும். அதோடு சமவெளி ஊர்களின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கும். மேற்கு வானத்தின் சிவப்பு வேண்டுமென்றால் ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கும் பக்கம் போக வேண்டும்.

இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு வண்டியைக் கண்ணால் பின்தொடருங்கள். அது சட்டகத்துக்குள் எங்கே நுழைகிறது, எங்கே மறைகிறது, மொத்தம் எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த நொடிக் கணக்கு 10-ஆம் படியில் தேவைப்படும். ஏறுகிற பேருந்துக்கும் இறங்குகிற காருக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கே போக நினைப்பவர்கள் உண்டு. அந்தி வேளைக்கு அது வேண்டாம். செங்குத்தான சாலை, போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் உள்ளது, சுற்றிலும் யானை நடமாடும் காடு. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் உள்ளே செல்லும் சாலைகளில் வண்டியை நிறுத்தி இறங்குவதே குற்றம். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும்.

## 2. நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

சூரியன் மறையும் நேரம் நீலகிரியில் நவம்பரில் ஆறு மணியை ஒட்டியும், ஜூலையில் 6:50 வாக்கிலும் இருக்கும். அன்றைய நேரத்தை நாட்காட்டியிலோ போனிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. கிழக்குச் சரிவில் நிற்கும்போது சூரியன் ஐந்தேகாலுக்கே மலைக்குப் பின்னால் போய்விடும். சாலை நிழலில் விழுந்துவிடும், குளிரவும் தொடங்கும். அந்தி வந்துவிட்டது என்று நினைத்துப் படம் எடுக்கத் தொடங்கினால் வெளிறிய வானமும் கண்ணுக்கே தெரியாத கோடும்தான் மிஞ்சும். மலை மறைப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாட்காட்டி நேரம்தான் கணக்கு.

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பொதுவாகத் தெளிவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் கிழக்குச் சரிவுகளை நனைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர் பக்கத்தை மூடிவிடும். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆன மாலை கிடைத்தால் விடாதீர்கள். காற்றில் தூசி இருக்காது, ஈரச் சாலை வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும்.

வாரநாளில் வண்டி குறைவு. ஞாயிறு மாலையில் சுற்றுலா வந்தவர்கள் கீழே இறங்குவார்கள், கோடு நிறையக் கிடைக்கும். கோடை சீசனில் நெரிசலைக் குறைக்கக் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். அப்போது ஒரு சாலையில் ஒரே நிறம்தான் கிடைக்கும். குன்னூர்ப் பாதையில் மேலிருந்து கீழே பார்த்தால் ஏறி வரும் ஹெட்லைட்டின் வெள்ளை மட்டும், கோத்தகிரிப் பாதையில் மேலிருந்து பார்த்தால் இறங்கிப் போகும் சிவப்பு மட்டும் என்று திட்டமிட்டுக்கொள்ளலாம்.

## 3. கையில் இருக்க வேண்டியவை

கைமுறை அமைப்பும் பல்ப் மோடும் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறை) உள்ள எந்தக் கேமராவும் போதும். லென்ஸ் 24 முதல் 70 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குச் சரியாக இருக்கும். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறத்திலிருந்து எடுப்பதானால் 70–200 உதவும்.

முக்காலி கனமானதாக இருக்கட்டும். பள்ளத்தின் விளிம்பில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். எடை குறைந்த முக்காலி அந்தக் காற்றில் நடுங்கும்.

பூட்டு உள்ள ரிமோட் ஒன்று வேண்டும். பல்ப் மோடில் விரலால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு 40 நொடி அசையாமல் நிற்க யாராலும் முடியாது.

இவற்றோடு, தபால் உறை அளவுக்கு வெட்டிய கறுப்புச் சார்ட் அட்டை, மாஸ்கிங் டேப், லென்ஸ் துடைக்க இரண்டு மென்துணி, கூடுதல் பேட்டரி, சிவப்பு வெளிச்சம் தரும் தலை விளக்கு, ஒளிரும் பட்டை வைத்த மேலங்கி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆகவே கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. கேமராவை மழையிலிருந்து மூடத் துணியாலான உறையும், குடிக்க எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துச் செல்லுங்கள்.

## 4. போய்ச் சேருங்கள், பத்திரமாக நில்லுங்கள்

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் போக இ-பாஸ் தேவை. கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் போகும் அரை மணி நேரம் உங்கள் அந்தியிலிருந்துதான் போகும்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். வண்டியைச் சாலையோரத்தில் அரைகுறையாக நிறுத்தாதீர்கள். காட்சிமுனை, டீக்கடை முன்புறம் போன்ற அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

வளைவின் உட்புறத்தில் நிற்கவே கூடாது. பேருந்தும் லாரியும் திரும்பும்போது பின்சக்கரம் உட்புறத்தை ஒட்டித்தான் வரும். வெளிப்புறத் தடுப்புச் சுவரின் மேல் ஏறி நிற்பதும் வேண்டாம். சாலை மட்டத்திலிருந்து விலகி உயரமாக இருக்கும் இடம்தான் உங்களுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

ஓட்டுநர்களின் கண்ணில் டார்ச் அடிப்பதும் ஃபிளாஷ் போடுவதும் ஆபத்து. வளைவில் ஒரு நொடி கண் கூசினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபிளாஷை மெனுவிலேயே அணைத்துவிடுங்கள்.

விலங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை வெளியே வருவதும் இதே நேரத்தில்தான். கோத்தகிரியிலும் குன்னூரிலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்தியில் கரடி வரும். காட்டெருமை கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் சாதாரணமாகச் சாலைக்கே வந்து நிற்கும். மாடு மாதிரி நின்று மேய்வதால் அருகே போகலாம் என்று நினைக்காதீர்கள். கல்லாறு, பர்லியார் பகுதி யானை நடமாட்டம் உள்ள இடம். பலாப்பழ சீசனில் இன்னும் அதிகம். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் கேமராவைப் பார்க்கும்போது இன்னொருவர் முதுகுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொள்வது கூடவே கூடாது.

முதல் வேலையாக அங்கே உள்ள டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, “அண்ணே, நேத்து இந்தப் பக்கம் யானை ஏதாச்சும் வந்துச்சா? சாயங்காலப் பஸ்ஸு எத்தனை மணிக்கு ஏறும்?” என்று கேட்டுவிடுங்கள். இரண்டு கேள்விக்கும் அவரிடம்தான் சரியான பதில் இருக்கும். வந்தது என்று அவர் சொன்னால் அன்றைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 5. முக்காலியை நிறுத்துங்கள்

தடுப்புச் சுவரின் மேலும் பாலத்தின் மேலும் முக்காலியை வைக்காதீர்கள். லாரி போகும்போது கல் அதிரும். கையால் தொட்டாலே உணரலாம். அந்த அதிர்வு படத்தில் இரட்டைக் கோடாக விழும். மண் தரையில் வைத்து ஒவ்வொரு காலையும் அழுத்தி ஊன்றுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில், அதாவது சரிவுப் பக்கம் இருக்கட்டும். கேமரா முன்னால் கவிழாது.

கேமரா வாரை அவிழ்த்துவிடுங்கள், அல்லது முக்காலியில் சுற்றிக் கட்டுங்கள். காற்றில் அது படபடத்தால் முக்காலியே ஆடும்.

கேமராவை வெளியில் எடுத்து வைக்கும் நேரமும் இதுதான்.  வெளியே குளிர்ந்துபோன கேமராவைக் கதகதப்பான காருக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும். ஒருமுறை வெளியே எடுத்ததை வேலை முடியும் வரை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

## 6. சட்டகத்தை முடிவு செய்யுங்கள்

சாலை நுழையும் இடமும் வெளியேறும் இடமும் சட்டகத்தின் மூலையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவின் வயிறு ஓரத்தில் வெட்டுப்பட்டால் அந்தப் படத்தைக் காப்பாற்ற வழியில்லை.

வானத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். பார்ப்பவர் கண் சாலையோடு ஓட வேண்டும்.

ஹெட்லைட் நேராக லென்ஸைப் பார்க்கும் இடம் எது என்று தேடுங்கள். வண்டி திரும்பும்போது ஒரு கணம் வெளிச்சம் நேரே உங்கள் மீது அடிக்கும் இடம் ஒன்று இருக்கும். அந்தக் கணத்தில் வரும் வெள்ளைப் பூச்சு மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கும். இரண்டடி தள்ளி நின்றாலோ, முன்னால் இருக்கும் ஒரு மரத்தின் தண்டு அந்த இடத்தை மறைக்கும்படி வைத்தாலோ தப்பிக்கலாம்.

## 7. வெளிச்சம் இருக்கும்போதே ஃபோகஸைப் பூட்டுங்கள்

லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் காட்சியைப் பெரிதாக்கி, சாலையின் நடுப்பகுதியில் இருக்கும் மைல்கல்லிலோ வளைவு எச்சரிக்கைப் பலகையிலோ ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு ஃபோகஸ் வளையத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அணைக்க மறந்தால் இருட்டில் ஷட்டரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும், வண்டி போய்விடும்.

ஜூம் வளையத்துக்கும் ஒரு டேப் வேண்டும். மேலிருந்து கீழே சாய்த்துப் பார்க்கும்போது ஜூம் லென்ஸ் தன் எடையிலேயே மெல்ல நழுவும். 30 நொடிப் படத்தில் அது நழுவினால் விளக்குகள் எல்லாம் நடுவிலிருந்து சிதறியது போல் வரும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து வேறு எங்கோ காரணம் தேடுவீர்கள்.

லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். முக்காலியில் இருக்கும்போது இல்லாத ஆட்டத்தைச் சரிசெய்யப் போய் அதுவே ஆட்டத்தை உண்டாக்கிவிடும்.

## 8. கேமரா அமைப்பு: இரண்டு வெளிச்சம், இரண்டு கணக்கு

இந்தப் பகுதியைப் புரிந்துகொண்டால் மற்ற எந்த எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

வானமும் மலையும் அசையாமல் நிற்பவை. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அவற்றின் வெளிச்சம் படத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் கார் விளக்கு ஒரு புள்ளியில் நிற்பதில்லை. படத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் தங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நீங்கள் பத்து நொடி திறந்து வைத்தாலும் முப்பது நொடி திறந்து வைத்தாலும் அந்த இடத்தில் விழுந்த வெளிச்சம் அதேதான். கோடு நீளமாகுமே தவிர, பிரகாசமாகாது.

ஆக, கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்வது அப்பர்ச்சரும் (லென்ஸ் திறப்பின் அளவு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) ஐ.எஸ்.ஓ.வும் (கேமராவின் ஒளி உணர்திறன்) வண்டியின் வேகமும். பின்னணியின் பிரகாசத்தை முடிவு செய்வதில் இவற்றோடு நேரமும் சேர்கிறது. முதலில் கோட்டுக்காக அப்பர்ச்சரைத் தேர்ந்தெடுங்கள், அதற்குப் பிறகு பின்னணிக்காக நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாற்றிச் செய்பவர்கள்தான் கடைசிவரை எண்களோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

ஐ.எஸ்.ஓ. 100-ல் வையுங்கள். ஹெட்லைட் உங்களை நோக்கி வரும் சட்டகத்துக்கு எஃப் 11-லிருந்து தொடங்குங்கள். டெயில் லைட் மட்டும் வரும் சட்டகம், அல்லது சாலை வெகுதூரத்தில் இருக்கும் சட்டகம் என்றால் எஃப் 8, தேவைப்பட்டால் எஃப் 5.6. எஃப் 16-ஐத் தாண்டினால் படத்தின் கூர்மை குறையும்.

நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு தருகிறேன். தெளிந்த வானம், எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் சூரியன் மறைந்து 15 நிமிடத்தில் நாலைந்து நொடி போதும். 20 நிமிடத்தில் 15 நொடி வாக்கில் ஆகும். அடுத்த மூன்று நான்கு நிமிடத்தில் 30 நொடி. அதற்குப் பிறகு பல்ப் மோடு. மேகம் இருந்தால் இது முன்னதாகவே நடக்கும். படத்தின் வெளிச்ச அளவைத் திரையில் காட்டும் வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பார்த்து நேரத்தை இரட்டித்துக்கொண்டே போங்கள்.

இங்கேதான் லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் பற்றிய தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். வெளிச்சம் அதிகமாக இருக்கும்போதே ஃபில்டரை மாட்டி 30 நொடி எடுத்தால் கோடு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபில்டர் வானத்தை மட்டும் குறைப்பதில்லை, விளக்கையும் சேர்த்தே குறைக்கிறது. வானத்துக்கு நீங்கள் நேரத்தைக் கூட்டி ஈடுகட்டுவீர்கள். கோட்டுக்கு ஈடுகட்ட வழியே இல்லை. அது மங்கிப் போய்விடும். இதற்கு மருந்து காத்திருப்பதுதான்.

படத்தின் நிறச் சாயலை முடிவு செய்யும் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 3,800-லிருந்து 4,200 கெல்வினுக்குள் ஓர் எண்ணில் நிறுத்திவிடுங்கள். தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும், பிறகு ஒன்றாகச் சேர்க்கும்போது தொல்லை. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலில் எடுங்கள்.

நீண்ட நேரப் படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகளை நீக்கும் வசதியை (நாய்ஸ் ரிடக்ஷன்) அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் 30 நொடிப் படத்துக்குப் பின் இன்னொரு 30 நொடி கேமரா உங்களைக் காக்க வைக்கும். உங்களிடம் இருக்கும் 15 நிமிடத்தில் பாதி அதற்கே போய்விடும்.

## 9. முதலில் வானத்தை எடுத்து வையுங்கள்

சூரியன் மறைந்து 15 நிமிடம் ஆனதும், வண்டி வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருங்கள். மரத்திலும் தேயிலையிலும் விவரம் தெரியும் கடைசி நேரம் இது. பின்னால் நல்ல கோடுகள் கிடைக்கும்போது மலை கறுத்துப் போயிருக்கும். அப்போது இந்தப் படங்களில் ஒன்றுதான் அடிப்படையாக நிற்கும். முக்காலியைத் தட்டிவிடாமல் இருந்தால் போதும்.

## 10. வண்டிகளை எதிர்பார்த்து எடுங்கள்

வண்டி சட்டகத்துக்குள் வந்த பிறகு ஷட்டரை அழுத்தினால் கோடு அந்தரத்தில் தொடங்கும். வளைவுக்கு முந்தைய மரங்களில் வெளிச்சம் படுவதைப் பார்த்ததும் அழுத்துங்கள். வண்டி வெளியேறி இரண்டு நொடி கழித்து மூடுங்கள். பகலில் குறித்த நொடிக் கணக்கு இப்போது கைகொடுக்கும். ஏறுகிற பேருந்துக்கு 50 நொடி ஆகிறது என்று குறித்திருந்தால், 30 நொடி அமைப்பில் நேரத்தை வீணாக்காமல் நேராகப் பல்ப் மோடுக்குப் போய்விடலாம்.

எந்த வண்டிக்காகக் காத்திருப்பது? பேருந்துக்கும் லாரிக்கும்தான். காரின் விளக்குகள் ஒரே உயரத்தில் இரண்டு கோடுகளைத் தரும். பேருந்தில் கீழே ஹெட்லைட், மேலே நெற்றி விளக்குகள், ஜன்னல் வெளிச்சம் என்று அடுக்கடுக்காக வரும். ஏற்றத்தில் மெதுவாகப் போவதால் கோடும் தடிமனாக விழும். ஞாயிறு மாலையில் நூறு கார் தருவதை விட ஒரு பேருந்து தருவது அதிகம் என்பது என் எண்ணம்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். ஓட்டுவதற்கு நல்ல விதி. நமக்கு ஒரு சிக்கல். ஒதுங்கி நிற்கும் காரின் ஹெட்லைட் ஒரே இடத்தில் எரிந்து படத்தில் வெள்ளைப் பொட்டாகப் பொசுங்கிவிடும். கறுப்பு அட்டை இதற்காகத்தான். வண்டி நிற்பதைப் பார்த்ததும் லென்ஸைத் தொடாமல் அட்டையை முன்னால் பிடியுங்கள். நகர்ந்ததும் எடுத்துவிடுங்கள். ஷட்டர் திறந்தே இருக்கும். அட்டை மறைத்த நொடிகளைப் பின்னணிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு பேருந்துகளுக்கு இடையே நீண்ட இடைவெளி இருந்தாலும் இதே அட்டையால் மூடி வைத்து, இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கலாம். மூடி வைக்கும்போது கை நடுங்காமல், அட்டை லென்ஸ் ஓரத்தில் உரசாமல் இருக்க வேண்டும். வீட்டிலேயே விளக்கை அணைத்துவிட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

புது கார்களின் கோட்டைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்புக் கோடு கோடாக இருக்காது, கோலப் புள்ளி மாதிரி வரிசையாக விழுந்திருக்கும். கேமராவில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் பிரகாசத்தைக் குறைக்க, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். வண்டி நகரும்போது அது புள்ளியாகப் பதிகிறது. பிரேக் போட்டால் முழுப் பிரகாசத்தில் எரிவதால் அந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் சேர்ந்து கோடாகும். வளைவுக்குள் இறங்கும் கார்களில் இந்த மாற்றம் அழகாகவே இருக்கும். புள்ளி பிடிக்காவிட்டால் பழைய குமிழ் விளக்கு வைத்த பேருந்து, லாரிகளுக்குக் காத்திருங்கள். இண்டிகேட்டரின் மஞ்சள் துண்டுகளை நான் அழிப்பதில்லை. வளைவு எங்கே தொடங்குகிறது என்று அவை காட்டுகின்றன.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். திரையைப் பார்ப்பதை விட இது முக்கியம். பள்ளத்திலிருந்து மேலேறும் மூட்டம் சத்தமில்லாமல் ஈரத்தைப் படிய வைத்துவிடும். ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள்.

## 11. மூட்டம் வந்தால்

மெல்லிய மூட்டம் என்றால் தொடருங்கள். ஹெட்லைட்டின் கற்றைகள் மூட்டத்தில் பரவி வளைவு முழுவதும் ஒளிரும். அப்பர்ச்சரை ஒரு படி திறந்துகொள்ளுங்கள்.

எதிர்ச் சரிவு தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டால் மூட்டை கட்டுங்கள். உங்களைக் காண முடியாத ஓட்டுநரின் சாலையோரத்தில் நிற்பதற்கு எந்தப் படமும் ஈடில்லை. கலையும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் அதற்குள் வானத்தின் நீலம் போயிருக்கும்.

## 12. வீட்டில் சேர்ப்பது

அந்தியில் எடுத்த அடிப்படைப் படத்தை முதல் அடுக்காக வையுங்கள். கோடு விழுந்த படங்களை அதன் மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, ஃபோட்டோஷாப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பிலோ ‘லைட்டன்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். எந்த அடுக்கில் எந்த இடம் பிரகாசமோ அதை மட்டும் அது காட்டும். கறுத்த மலை மறைந்து கோடு மட்டும் மேலே வரும்.

மேல் அடுக்குகளின் வானப் பகுதியை மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் நகர்ந்த மேகங்கள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து வானம் அழுக்காகும்.

சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள். மொத்தப் படத்தையும் பிரகாசமாக்கும்போது முதலில் கெடுவது அதுதான். நடுப்பகுதி மஞ்சளித்து வெளுத்துவிடும். ரா ஃபைலைத் திறக்கும்போதே உச்ச வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, நிழல் பகுதியை மட்டும் உயர்த்துங்கள். சாலையையே மூடும் அளவுக்குக் கோடுகளை அடுக்காதீர்கள். ஏழெட்டு வண்டிகளைத் தாண்டினால் ஒவ்வொரு வண்டியும் வளைவை வெட்டிய விதம் தெரியாமல் போய்விடும்.

## 13. போனில் எடுப்பவர்களுக்கு

போனுக்கும் முக்காலி கட்டாயம். சில ஆண்ட்ராய்டு போன்களில் ஒளிக்கோட்டுக்கென்றே தனி மோடு இருக்கிறது. ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து அதில் நீண்ட எக்ஸ்போஷர் விளைவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மூன்று நொடிக்குள் நடந்தது மட்டும்தான் பதியும், ஆகவே சாலைக்கு நெருக்கமான, ஒரே வளைவு உள்ள சட்டகம் பாருங்கள். கைமுறை மோடில் ஐ.எஸ்.ஓ.வை மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி, ஷட்டரை 8 நொடிக்கு மேல் வைக்க முடிகிற போன் என்றால் மேலே சொன்ன எல்லாப் படிகளும் அதற்கும் பொருந்தும். போனின் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாறாதது என்பதால் கோடு சீக்கிரம் வெளுக்கும். ஹெட்லைட் வரும் திசையை விட்டுவிட்டு, டெயில் லைட் போகும் திசையில் திருப்பி வையுங்கள்.